ஹயர் ஓட்டிய உபயகாரர்

அறுபத்தேழாம் ஆண்டு புரட்டாசியில் ஒருநாள் கண்டியில் பெய்த மழைக்கு, வாவி மீன்களே கரையேறி ஒதுங்க இடம் தேடின என்பார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பொய் சொல்கிறவர்களும் இல்லை.

அந்த மழையில், மணிக்கூட்டுக் கோபுரத்தருகே நின்ற கறுப்பு மொரிஸ் மைனரின் பின்கதவு படாரென்று திறந்தது. கடதாசிக் கட்டொன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் உள்ளே ஏறினாள்.

"கட்டுகஸ்தோட்டைக்குப் போகணும். ஹயர் எவ்வளவு, டிரைவர் அண்ணே?"

ஓட்டும் இடத்தில் இருந்த அழகர் திரும்பினான். மழை சொட்டும் இமைகள்... அவற்றின் கீழே, எந்த நேரமும் சண்டைக்குத் தயாரான இரண்டு கண்கள்...

இது வாடகைக்கு ஓடும் ஹயர் கார் இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தான். வாயிலிருந்து வேறு வந்தது. ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிட்டான்.

அவள் சிரித்தாள். "தொழிலுக்குப் புதுசா? இந்தக் காசுக்கு மாட்டு வண்டிகூட வராதே!"

"மழைக்கு... சலுகைங்க."

"மழைக்குக் கூட்டித்தானே கேப்பாங்க?"

அவள் பெயர் நல்லம்மா. வக்கீல் ஒருவரிடம் டைப்பிஸ்ட். வெள்ளிதோறும் காணி உறுதிப் பத்திரங்களைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது அவள் வேலை. உறுதி நனையக் கூடாதென்று ஹயர் காசு கொடுப்பவர் வக்கீல்.

அழகரோ துணிக்கடை இராமநாதன் முதலாளியின் ஒரே மகன். அப்பா பன்னிரண்டு வயதில் புடவை மூட்டையைத் தோளில் ஏற்றித் தோட்டம் தோட்டமாக நடந்தவர். மகனுக்கு இருபத்திரண்டு வயதானதும் கார்ச் சாவியைக் கையில் வைத்து, "நான் நடந்ததெல்லாம் நீ நடக்காம இருக்கத்தான்டா" என்றார். அழகர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நன்றியில் குறைவில்லை. ஆனால் அன்றிலிருந்து காரில் ஏறினால் அவனுக்குத் தோள் வலித்தது! வைத்தியர் இரண்டு பேர் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருகிற வலி என்று இருவரும் சொன்னார்களாம்.

அந்த மழையில், அவள் 'டிரைவர் அண்ணே' என்றதும்தான் வலி நின்றது.

மறுநாளே காக்கிச் சட்டை ஒன்று வாங்கினான். அடுத்த வெள்ளி கோபுரத்தடியில் தயாராக நின்றான். இரண்டாம் வாரம் 'அண்ணே' கழன்று 'டிரைவர்' ஆயிற்று. நான்காம் வாரம் 'ஏங்க...' ஆயிற்று. இதைவிட வேகமாகக் கண்டிக்கு ரயிலும் ஏறியதில்லை.

ஆனால் அவனால் தூங்க முடியவில்லை. சொல்லிவிடலாமா... சொன்னால் இறங்கிப் போய்விடுவாளோ...

ஐந்தாம் வெள்ளி, திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: "ஏங்க, பிள்ளையார் கோயில்ல கந்த சஷ்டி நடக்குது. ஒரு நிமிஷம் கும்பிட்டுப் போவமா?"

அன்று நாலாம் நாள். வருடந்தோறும் நாலாம் நாள் திருவிழாச் செலவு இராமநாதன் முதலாளி குடும்பத்து உபயம். அப்பாவுக்குக் கால் சுளுக்கு, நீதான் போய் முன்னால் நிற்க வேண்டும் என்று அம்மா காலையில் சொன்னது அழகரின் காதுவரை போனது. அதற்கு மேல் போகவில்லை.

வாசலைத் தாண்டியதுதான் தாமதம். "உபயகாரர் வந்தாச்சு!" என்று குருக்கள் கூவினார். "தம்பி, எவ்வளவு நேரம்! முதலாளி வராட்டா நீங்கதானே நிக்கணும்!" மேளம் கொட்டியது. காக்கிச் சட்டைமேல் ஆளுயர மாலை விழுந்தது. தலையில் பட்டுப் பரிவட்டம் ஏறியது.

நல்லம்மா ஒரு தூணருகே நின்று பார்த்தாள். அந்தக் கண்கள்... இம்முறை சண்டைக்குக்கூடத் தயாராயில்லை.

அவன் மாலையோடு வாசல்வரை ஓடினான். "நல்லம்மா... நான் சொல்றத..."

"எங்கப்பா வீரையா முனிசிபல்ல ரோடு கூட்டுறாரு. இந்தக் காக்கிய தினம் தோச்சுப் போடுறாரு. உங்களுக்கு அது வேஷமா, முதலாளி?"

'ஏங்க' போய் 'முதலாளி' வந்துவிட்டது. அடுத்த இரண்டு வெள்ளியும் அவள் பஸ்ஸில் போனாள்.

அழகர் வாவியைச் சுற்றி நடந்தான். எத்தனை சுற்று என்று தெரியாது. அவன் வந்தால் கரையில் படுத்திருக்கும் உடும்புகள், அந்தக் கபரகொய்யாக்கள், எழுந்து வழிவிட்டது மட்டும் உண்மை. நடக்க நடக்க ஒன்று புரிந்தது. ஹயர் ஓட்டிச் சம்பாதித்தேன் என்ற பெருமையும் பொய். கார் அப்பாவுடையது. பெட்ரோல் அப்பாவுடையது. வேஷம்கூட அப்பா காசில்தான்!

மூன்றாம் வெள்ளி, நல்ல வெள்ளைச் சட்டையோடு வந்து, காரை எல்லோரும் பார்க்க பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி இறங்கினான்.

"இன்னைக்கு என்ன வேஷம்?" என்றாள் நல்லம்மா.

"வேஷமில்ல. நான் இராமநாதன் மகன். கார் ஓட்டும்போது உங்க முன்னாலதான்... கூசாம இருந்திச்சு. அதுக்காக மறைச்சேன். தப்பு."

அவள் உறுதிக் கட்டைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எங்க மஹய்யாவ முனிசிபல் லைன் வீடுகள்ல கதிரையில உக்காந்து வேலை செய்யிற மொதப் பொண்ணு நான்தான். அம்மாவும் வெயில்ல ரோடு கூட்டுறா. நான் காத்தாடிக்குக் கீழ டைப் அடிக்கிறேன். எனக்கு உறுத்தாதா? உறுத்துதுங்க. அதுக்காக வெளக்குமாத்தத் தூக்கி வேஷமா போட்டேன்? நல்லாப் படிச்சேன், நல்லா அடிக்கிறேன். எங்கம்மா பாத்துச் சிரிக்கிறா. அவ்வளவுதான்."

'உறுத்துதுங்க' என்ற சொல்லின் வாலில் ஒட்டியிருந்த 'ங்க' அழகரின் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

"நாளையிலருந்து கடையில நிக்கப் போறேன். அப்பாவுக்குக் கால் வலி. ஆனா நல்லம்மா... சட்டை, கார், படிப்பு எல்லாம் அவர் குடுத்தது. உங்களப் பாத்தா கை நடுங்குது பாருங்க... இது அவர் குடுத்தது இல்ல. இது ஒண்ணுதான் என் சொந்தச் சம்பாத்தியம்."

கட்டுகஸ்தோட்டை பஸ் வந்தது. கண்டக்டர் கூவினான். காத்திருந்தான். போய்விட்டான்.

நல்லம்மா தலையைக் குனிந்தாள். அவள் கையிலிருந்த காணி உறுதிகள் மெல்லப் படபடத்தன. அன்று காற்று என்பதே கிடையாது.

"சொந்தச் சம்பாத்தியம்னு முழுசாச் சொல்லாதீங்க..." என்றாள். "பாதி என் கையில இருக்கு."