கழுதைப்பாறையில் எண்ணெய்

கழுதைப்பாறையில் பாதி ஏறியதும் ராஜகிளியின் ஜீப் பின்னால் சரியத் தொடங்கியது. நான்கு சக்கரங்களும் முன்னோக்கித்தான் சுழன்றன. வண்டியோ பின்னால் வந்தது. அடிவாரத்துக் குத்துக்கல்லில் முட்டி நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்.

"படுபாவி, இன்னைக்கும் எண்ணெய ஊத்திட்டான்!" என்று பல்லைக் கடித்தாள்.

மேலே ஏலத்தோட்டத்தில் அவள் கணவன் சௌந்தரத்தைப் பாம்பு கடித்திருந்தது. தூக்கிவர அங்கே வண்டி கிடையாது. பாறை வழுக்கத் தொடங்கியதிலிருந்து ஒருவரைத் தவிர ஜீப்காரர்கள் யாரும் மேலே போவதில்லை.

அதற்கு முன்பெல்லாம் ராஜபோகம்தான். வண்டியைத் தானே ஓட்டும் பாறையுணரி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சக்கரமும் தான் உருண்ட கல்லின் பிடிப்பை அளக்கும். எந்த வழி நல்ல வழி என்று மலையிலுள்ள அத்தனை வண்டிகளுக்கும் சொல்லும். நகம் அகலம்கூடப் பிசகாமல் அத்தனையும் அதே வழியில் ஏறும். ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள்.

உணரி வாங்காதவர் மொக்கைச்சாமி ஒருவர்தான். அவருடைய ஓட்டை ஜீப் மட்டும் இடது ஓரமாக, இடுப்பு ஒடியக் குலுங்கி இன்னமும் ஏறியது. அந்தப் பக்கம் ஏன் போகிறார்? எண்ணெய் ஊற்றியவனுக்குத்தானே எங்கே ஊற்றினோம் என்று தெரியும்! ஸ்டாண்டில் இதை முதலில் சொன்னவள் ராஜகிளி. இன்று சாயங்காலம் கூட்டம் போட்டு அவரை ஸ்டாண்டிலிருந்து விலக்குவதாக முடிவாகியிருந்தது.

கீழ் வளைவில் ஹாரன் அடித்தது. பார்த்தால் அவரேதான்.

"வண்டிய எடும்மா. நீ நகராம நான் போக முடியாது. மாப்பிள்ளைக்குக் கடின்னு கேள்விப்பட்டுத்தான் வாரேன்."

"யோவ், ஊத்துறதையும் ஊத்திட்டு உதவிக்கு வர்ற மாதிரி நடிக்கிறியா?"

அவர் முகம் சிவந்தது. "தொட்டுப் பாரு. எண்ணெய் இருந்தா என்னைய இந்தப் பள்ளத்துலயே தள்ளிவிட்டுட்டுப் போ."

அவள் இறங்கித் தொட்டாள். முகர்ந்தாள். வெறும் கல்வாசம்தான். ஆனால் சக்கரம் போகும் தடம் மட்டும் கடப்பாக்கல் பலகைபோல மழமழவென்று இருந்தது. கையை இடப்பக்கம் நகர்த்தினாள். சொரசொரவென்று தோலைக் கிழித்தது.

இத்தனை வண்டிகள், ஒரே தடம், டயருக்கடியில் மண். அடக் கடவுளே, தேய்த்து மெருகேற்றியதே நாங்கள்தானா! ஸ்டாண்டில் தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் இப்போது நேரமில்லை.

உணரியிடமிருந்து ஸ்டியரிங்கைப் பறித்து இடது ஓரமாக ஏற்றினாள். வண்டி எகிறியது, தலை கூரையில் இடித்தது, ஆனால் சக்கரம் கவ்வியது. உச்சிக்கு வந்ததும் உணரி இனிமையாகப் பேசியது.

"புதிய வழி கற்றுக்கொள்ளப்பட்டது. எல்லா வண்டிகளுக்கும் அனுப்பப்பட்டது. நன்றி."

"அனுப்பாதே!" என்று பொத்தானைத் தேடினாள். ஓட்டாதே என்று சொல்லப் பொத்தான் இருந்தது. கற்றுக்கொள்ளாதே என்று சொல்ல இல்லை.

தோட்டத்தில் சௌந்தரத்துக்கு நினைவு இருந்தது. பின்னாலேயே ஏறிவந்த மொக்கைச்சாமி அவனைத் தூக்கித் தன் ஜீப்பில் படுக்க வைத்தார். ராஜகிளி தன் வண்டியை மேலேயே விட்டுவிட்டு, கணவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. கூட்டத்துல நானே எல்லாத்தையும் சொல்றேன்."

"மொதல்ல ஆசுபத்திரிக்குப் போவோம் தாயி."

கழுதைப்பாறையின் உச்சியில் அவர் வண்டியை நிறுத்தவேண்டி வந்தது. கீழிருந்து ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாமே இடது ஓரம். ஒன்றின் தடத்தின்மேல் அடுத்தது, நகம் அகலம் பிசகாமல். ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி கடந்து போனார்கள்.

மொக்கைச்சாமி தன் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இதுவும் வழுக்கும். அப்ப யாரு ஊத்தினதுன்னு சொல்லுவீங்க?"