நான்காம் வாயை அடைத்த லாரி

"இந்த எரிமலையோட வாயை நான்தான் சார் அடைச்சேன். சாக்கடைத் தண்ணி ஊத்தி" என்றாள் கழிவுநீர் லாரி ஓட்டும் செண்பகவல்லி, வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தவள் போல.

பிளவு ஆய்வாளர் இன்னாசி பேனாவை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து இவள் பதினேழாவது சாட்சி. முந்தைய பதினாறு பேரும் எரிமலைக்குக் கண் பட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடலிலிருந்து புதிதாக எழுந்த தீவில், தண்டவாளத்தின் மேல் நிற்கும் ஊர் கனலூர். பல் துலக்க வெளியே வந்தவர் திரும்புவதற்குள் வீடு அடுத்த மேட்டுக்குப் போயிருக்கும். நிலம் பிளந்தால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நெருப்புத் திரை எழும். குறுகலான இடங்களில் பாறைக்குழம்பு ஆறிச் சுவரில் ஒட்டி, வழியை அடைத்துக்கொள்ளும். அகலமான இடங்களிலோ சுவரை அரித்து இன்னும் அகலமாக்கும். கடைசியில் ஒரே வாய் மிஞ்சும். அது எது என்பதைக் கணிப்பி என்ற எந்திரம் ஆறாம் மணி நேரத்தில் சொல்லும். ஊர் எதிர்த்திசையில் நகரும். நான்கு ஆண்டுகளில் பதினோரு நகர்வு.

பன்னிரண்டாவதில்தான் வினை. மிஞ்சப்போவது நான்காம் வாய் என்றது கணிப்பி. ஊர் கிழக்கே ஓடியது. நான்காம் வாய் மூடிக்கொண்டது. கிழக்கிலிருந்த ஒன்பதாம் வாய் ஊரின் முகத்துக்கு நேரே சீறியது. கணிப்பி தானாகத் தவறியிருந்தால் சட்டப்படி இது கணிக்க முடியாத நிலம்; ஊரைக் காலி செய்தாகவேண்டும். நாலாயிரம் பேரையும் ஏற்றிப்போகக் கப்பல்கள் வந்து நின்றன. எது காரணம் என்று இன்னாசி நாளைக்குள் அறிக்கை தரவேண்டும்.

"அம்மா, அது ஆயிரத்து நூறு டிகிரி. உங்க லாரித் தண்ணி அதுக்குத் தொண்டை நனையக்கூடப் பத்தாது."

"ஒரு லாரின்னு யாரு சொன்னா? நாப்பது நடை! ஊரை நீங்க இழுத்துட்டுப் போயிட்டீங்க, சுத்திகரிப்புத் தொட்டி பழைய இடத்துலயே நிக்குது. போற வழியில நெருப்பு. நாலாயிரம் பேரும் கக்கூஸ் போறத நிறுத்தினாங்களா? நான் எங்க கொட்ட, உங்க மேசையிலயா? எரிச்சல்ல அதுக்குள்ளயே கொட்டினேன்."

"கிட்டப் போக முடியுமா?"

"நூறு மீட்டர் குழாய் போட்டேன். அப்ப அது ஒரு முழ அகலம்தான், மத்ததெல்லாம் அதைவிடக் குறுகல். முதல் நடைக்குச் சீறுச்சு. பத்தாவதுக்கு இருமுச்சு. இருபத்தஞ்சுல மூச்சே இல்ல. மிச்சம் பதினஞ்சும் ஒரு பாதுகாப்புக்கு."

குறுகல் ஆறினால் ஓட்டம் தளரும், தளர்ந்தால் இன்னும் ஆறும். இன்னாசிக்கு அது தெரியும். தெரிந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது.

"பொய்ச் சாட்சிக்கு ஜெயில், தெரியும்ல?"

"பிளவைத் தொட்டா லைசென்ஸ் போயிரும், அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

அவளுடைய லாரியிலேயே போனார்கள். நான்காம் வாய் நிறைய நொறுங்கிய கறுப்புக் கண்ணாடி. சட்டெனக் குளிர்ந்த பாறை.

"மழை பெஞ்சாலும் இப்படி ஆகும்" என்றார் இன்னாசி விடாமல்.

"எந்த மழையில சார் கரண்டி விழும்?"

கண்ணாடிக்குள் பாதி புதைந்து, கருகிய எவர்சில்வர் கரண்டி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எவர்சில்வரை உருக்கும் அளவுக்குப் பாறைக்குழம்பில் சூடு இல்லை. இன்னாசி குனிந்து கைக்குட்டையால் துடைத்தார். காம்பில் வெட்டியிருந்த எழுத்துகள் தெரிந்தன: இன்னாசி – பிரகாசி. கல்யாணத்துக்கு மாமியார், இருவர் பெயரையும் வெட்டிக் கொடுத்த செட்டில் ஒன்று.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "ஐயோ சார், உங்க வீட்டுத் தண்ணியும் சேந்துதான் அடைச்சிருக்கு!"

அவர் லாரியின் முகப்பில் தாளை விரித்து எழுதினார்: ‘மனிதத் தலையீடு நிரூபணமானது. கணிப்பி தவறவில்லை. ஊர் இருக்கலாம்.’ அதன் கீழே அவளுடைய லைசென்ஸ் எண்ணை எழுதப்போனவர் பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"எழுதுங்க சார். ஊரு இருக்கும்ல?"

"இருக்கும்" என்றார் இன்னாசி. பிறகு, பல் பிடுங்கக் கொடுப்பவரைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நீங்க சொன்னது அத்தனையும் நடந்திருக்குது, தாயி."