மிச்சம் ஒரு மா

ஐந்து 'மா'வில் இரண்டு 'மாமா' போக, ஒரு 'மா' மிச்சமிருந்தது. ஜெயக்குமாருக்கு அது உறுத்தியது.

அவன் மனைவி கஸ்தூரி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்து இன்றோடு பதினாறு நாள். கிணற்றோர மோட்டார் ரூம் கேமராவில் பதிகிற சத்தம் தானாகவே எழுத்தாகி ஒரு ஃபைலில் சேரும். அதில் அவள் அவனைக் கூப்பிட்டது ஒரே வரிதான்: மாமாமாமாமா.

மத்தியானம் அவள் அண்ணன் முனீஸ்வரன் போன் பண்ணியிருந்தார்.

"எந்தங்கச்சி எத்தன தடவ கூப்புட்டுச்சு மாப்ள? அத மட்டும் சொல்லுங்க. சாயங்காலம் வாரேன்."

"ரெண்டே தடவதான் மச்சான். நான் ஓடுறதுக்குள்ள..."

அவன் ஓடவில்லை. அன்று மாட்டியிருந்த ஹெட்போனையும் மீறி அவள் சத்தம் காதில் விழத்தான் செய்தது. திருச்சுழி ரோட்டிலிருந்து தள்ளி இந்தத் தோட்டத்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பாம்புக்கும் ஓணானுக்கும் கத்துகிறவள்தானே, கத்தட்டும், சனியன் என்று உட்கார்ந்திருந்தான்.

பொய்க்குச் சாட்சியாக, அந்த வரியில் எத்தனை 'மாமா' என்று எண்ண அவன் கம்ப்யூட்டரில் எழுதிய பைத்தான் நிரலும் இரண்டு என்றுதான் சொன்னது. ஆனால் அதன் லட்சணம் அவனுக்குத் தெரியும். கண்ட 'மாமா'வைத் தின்றுவிட்டு, தின்ற இடத்துக்கு அப்பால்தான் அடுத்ததைத் தேடும். ஒன்றின் பாதியில் இன்னொன்று தொடங்கினால் கோட்டைவிடும். எதையும் தின்னாதே, ஒவ்வொரு எழுத்திலும் நின்று முன்னால் எட்டி மட்டும் பார் என்று மாற்றி எழுதினான்.

நான்கு.

வெளியே கரிசல் வெடித்துக் கிடக்க, சீமைக்கருவேலங்காட்டிலிருந்து புழுதி வாடையோடு அனல் வீச, அதற்குள் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு பாசி வாடை வந்து மூக்கில் ஏறியது. நான்கு என்றால் ஒரு கூப்பாடு முடியுமுன்னே அடுத்தது தொடங்கியிருக்கிறது. ஒரு வாயால் அது ஆகாது. கிணறு எதிரொலித்திருக்கும் என்று தேற்றிக்கொண்டு மறுபடி ஓட்டினான்.

ஐந்து.

பயந்துபோய் ஃபைலைத் திறந்தான். பதினாறு நாளுக்கு முந்தைய வரி. இப்போது ஆறு மா.

மறுபடி ஓட்டினான். ஆறு. வரியில் ஏழு மா.

ஹெட்போனைக் கழற்றினான். சத்தமே இல்லை. பாசி வாடை மட்டும். முதுகுக்குப் பின்னால் சொட்டு. இன்னொரு சொட்டு.

வெளியே பைக் வந்து நின்றது. முனீஸ்வரன்.

அன்று அவள் கூப்பிட்டும் திரும்பாத ஜெயக்குமார் இன்று திரும்பினான்.

கதவோரத்தில் கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். முகம் முழுசாக இல்லை. பாதி முகத்திலேயே அடுத்த முகம் தொடங்கியிருந்தது. அதன் பாதியில் இன்னொன்று. கதவு நிலையின் உயரத்துக்கு. எல்லாம் அவளே. எல்லா வாயும் திறந்திருந்தது.

மச்சான் என்று கத்த வாயைத் திறந்தான்.

'மா' என்றுதான் வந்தது.