படுக்கவைத்த பொம்மை

பொம்மைப் பேழையின் கண்ணாடியை அனுப்ரியா மூன்று தரம் துடைத்துவிட்டாள். கீழ்ப்படிக்கு நேராக இருந்த அந்தச் சின்ன மங்கல் மட்டும் போகவே இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது உள்பக்கம். பூட்டிய பேழைக்குள் யாரோ மூச்சு விடுவது போல் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.

திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஜப்பான் கூடத்தில் தரை மெழுகின் வாசனையோடு, தூங்கும் குழந்தையின் வாயிலிருந்து வரும் புளித்த பால் வாசனையும் கலந்திருந்தது. சிவப்புத் துணி விரித்த படிகளில் பதினைந்து பொம்மைகள், மேல்படியில் அரசனும் அரசியும். கீழ்ப்படியில் இருந்த சின்னது மட்டும் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

காவலர் கிருபானந்தன் பின்னால் வந்து நின்றார். "நிமித்தி நிமித்தி வைக்கினம், பிள்ளை. காலமை வந்து பார்த்தா திரும்பப் படுத்துக் கிடக்கு."

அனுப்ரியா துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். போன திங்கள் தூசி தட்டுவதற்காகப் பேழையைத் திறந்திருந்தார்கள். இவள் கை சும்மா இருந்ததா? நிரந்தரக் காட்சியாம்! முப்பது வருஷமாகக் கண் மூடாமல் இருக்கின்றனவே, பாவம் என்று தோன்றிவிட்டது. மயிலாப்பூரில் கொலு முடியும் ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்கவைத்துத் தாலாட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் இந்தச் சின்னதையும் படுக்கவைத்து, இரண்டு வரி முணுமுணுத்து, பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

அன்று இரவிலிருந்து அவளுடைய நாலு வயது மகள் மகிழினி தூங்கவில்லை. கட்டிலில் போட்டால் எழுந்து போய், அந்தப் பொம்மைபோலவே கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஏழு இரவுகள். தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கிழித்தார்! பிள்ளை தாங்குமா?

போன் அடித்தது. கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து டீச்சர். மதியத் தூக்க நேரத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் படுத்துவிட்டார்கள், மகிழினி மட்டும் நிற்கிறாள், கண் இமைக்கவே மாட்டேன் என்கிறாள் என்று பிரெஞ்சில் படபடத்தாள்.

"லைன்லயே இருங்க, மேடம்" என்று பிரெஞ்சில் கெஞ்சிவிட்டு அனுப்ரியா திரும்பினாள். "அண்ணா, இதைத் திறங்க. என் குழந்தைண்ணா."

"என்ரை வேலை போயிடும், பிள்ளை." அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்து வந்து திறந்தார்.

பொம்மையைத் தூக்கினாள். ஐயோ, கனம்! நல்ல தூக்கத்திலிருக்கும் பிள்ளையின் கனம். உடம்பு சுட்டது. வரைந்த கண்கள் இருந்த இடத்தில் இமைகள் மூடியிருந்தன. நிமிர்த்தி வைத்தாள்.

இமைகள் பிரிந்தன.

"மேடம்!" போனில் டீச்சர் சிரித்தேவிட்டாள். "படுத்துட்டா. மகிழினி தூங்கிட்டா!"

அனுப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பட்டு உரசும் சத்தம்.

மேல்படியில் அரசி சாய்ந்தாள். மெதுவாக. பக்கவாட்டில்.

பிறகு அரசன்.

"பிள்ளை..." கிருபானந்தன் பின்வாங்கினார். "நான் தொடேல்லை."

இரண்டாம் படி. ஒன்று. இன்னொன்று. மூன்றாம் படி. எல்லாம்.

போனில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பாய்கள் சரசரத்தன. வெறும் கால்கள். நிறையக் கால்கள்.

"மேடம்," டீச்சரின் குரல் கிசுகிசுத்தது, "மற்றப் பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். பதினாலு பேரும். சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். யாருமே இமைக்கவில்லை."