தெளிவாக இருந்த ஒரு மணி நேரம்

பின் இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அதன் ஜன்னலில், உள்பக்கமாக, யாரோ விட்ட மூச்சு உறைந்திருந்தது.

வெர்னா அதைக் கவனித்தபோது விமானம் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. முன்னால் விமானி நார்மனும் அவளும். நடுவில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சங்கிலியைத் தரை வளையத்தில் மாட்டி நிறுத்திய அவளுடைய ஆறு பந்தய நாய்கள். அவற்றுக்குப் பின்னால் கழற்றாமல் விட்ட ஒற்றை இருக்கை. பெட்ரோல் வாடையும் நாய் ரோமத்தின் ஈர வாடையும் காலடியில் மட்டும் வீசிய ஹீட்டரின் கருகலும் கலந்து கிடந்த அந்தத் தகரக் கூட்டுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. அலாஸ்காவின் பிப்ரவரி வெயில், நடுப்பகலிலும் முகடுகளைத் தாண்டி எழ மனமில்லாமல், பனிச்சரிவுகளின் மேல் பழைய எலும்பின் நிறத்தில் படுத்திருந்தது.

நாய்களின் மூச்சு நடு ஜன்னல்களில் ஒரே சீராகப் படிந்திருந்தது. பின் ஜன்னலில் இருந்தது அப்படி இல்லை. உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாய் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் ஒரு வட்டம். அது மெல்ல விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

“நார்மன், பின்னால அந்த ஜன்னலைப் பாரேன்.”

“நாய் மூச்சு,” என்றான் அவன் திரும்பாமலே. ஹெட்போனில் அவன் குரல் கரகரத்தது. “ஆறு நாயை ஏத்திட்டு வேற என்ன எதிர்பாக்குற?”

ஆனால் நாய்கள் பின்பக்கம் போகவே இல்லை. சங்கிலி விட்ட மட்டும் முன்னுக்கு வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அவளுடைய இருக்கையின் முதுகோடு ஒட்டி நின்றன. விமானத்தில் ஏறினால் ஓயாமல் ஊளையிடும் நாய்கள். இன்றைக்கு ஒரு முனகல்கூட இல்லை.

மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சாலை போகாத ஸ்டோனி ஃபோர்க் கிராமத்தின் குளிர்காலத் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நாய்வண்டிப் பந்தயம். இன்று சாயங்காலம் வெர்னாவின் அக்கா ரோஸலி, இறந்துபோன தன் கணவன் ஆல்வினுக்காக ஊருக்கே விருந்து வைக்கிறாள். போன வருடத் திருவிழாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வெர்னா தப்பித்திருந்தாள். இந்த வருடம் ரோஸலி தொலைபேசியில் விடவில்லை.

“மூஸ் மான் கறி ரெண்டு நாளா வேகுது. உன் மாமாவுக்கு வைக்கிற விருந்து. நீ வராம எப்படிடி?”

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் வெர்னாவுக்குத் தாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் இதே திருவிழாவுக்கு, இதே விமானத்தில் நார்மன், வெர்னா, ஆல்வின் மூன்று பேரும் நாய்களோடு கிளம்பினார்கள். கணவாயை மூடுபனி அடைத்துவிட, கீழே உறைந்து கிடந்த ஏரியில் நார்மன் இறக்கினான். மூட்டம் விலகியபோது விமானத்தால் எழ முடியவில்லை. புதுப்பனி அத்தனை ஆழம். பாரத்தைக் குறைத்தாக வேண்டும். நாய்களை இறக்கிவிடு என்றான் நார்மன். நாய்களையா? நான்கு வருட உழைப்பு.

“மாமா இருக்கட்டும். ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து கூட்டிட்டுப் போ,” என்றாள் வெர்னா.

ஆல்வினுக்கு நெஞ்சுச் சளி. “என்னையா விட்டுட்டுப் போற, வெர்னா?” என்று இருமிக்கொண்டே கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார். கூடாரமும் அடுப்பும் நாய்த் தீனி மூட்டைகளுக்கு அடியில் கிடந்தன. எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம்தானே.

ஊரில் இறங்கியதும் கணவாய் மறுபடி அடைத்துக்கொண்டது. மீன் பிடிக்க அவராகவே தங்கினார், கூடாரம் அடுப்பு எல்லாம் வைத்திருக்கிறார் என்று இருவரும் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் தனியாகப் பறந்து பார்த்துவிட்டு வந்த நார்மன், அவளிடம் மட்டும் வந்து சொன்னான்: கணவாய் தெளிந்திருக்கிறது, ஒரு மணி நேரம் தாங்கும், ஏரியில் இறங்கினால் மறுபடி எழப் பனியைத் தோண்ட ஓர் ஆள் வேண்டும். பந்தயம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. “முடிச்சிட்டு வர்றேன்,” என்றாள். ஜெயித்தாள். கோப்பையை வாங்கியபோது மலையே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் ஆல்வின் கிடைத்தார். உட்கார்ந்தபடி, ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி. கூடாரத்தைக் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் வெர்னா. ரோஸலி ஒன்றுமே கேட்கவில்லை.

“ஏறமாட்டேங்குது,” என்றான் நார்மன் இப்போது.

கணவாய் நெருங்கியிருந்தது. கீழே அந்த ஏரி, தட்டையாக, வெள்ளையாக. இயந்திரத்தின் சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கி உறுமியது.

“எடை போட்டுத்தானே ஏத்தின?”

“போட்டேன். இப்ப நூத்தறுபது பவுண்டாவது கூட இருக்கு.”

ஆல்வின் அந்த எடைதான் இருந்தார்.

கிளிக்.

பின்னாலிருந்து. இருக்கை வார் பூட்டும் சத்தம்.

வெர்னா திரும்பினாள். வார் தளர்ந்து கிடக்கவில்லை. எதையோ சுற்றி, புடைத்து, இறுகி நின்றது. அதன் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. ஜன்னலில் இருந்த வட்டத்தோடு சேர்ந்தே.

பிறகு வாடை. மரப்புகை. மெல்லும் புகையிலை. பிறகு இருமல். ஹெட்போனுக்குள்ளே, இரண்டு காதிலும். ஈரமாக. அவசரமில்லாமல்.

“நார்மன்...”

“கேக்குது. நான் திரும்ப மாட்டேன். நீயும் பாக்காத.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது...”

“ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை இந்தக் கணவாய்ல வர்றேன். ஒண்ணும் வந்ததில்ல. நீ ஏறின, வந்துருச்சு.”

“எல்லாத்தையும் என் தலையில கட்டு. விட்டுட்டுக் கிளப்பினது நீ.”

“நாயை இறக்குன்னு சொன்னேன். காலையில வந்து கூப்பிட்டேன். என்ன சொன்ன? முடிச்சிட்டு வர்றேன்.” அவன் சிரித்தான். சிரிப்பு நடுங்கியது. “முடிஞ்சுதா?”

முகட்டின் பனி விமானத்தின் அடிவயிற்றை உரசிக்கொண்டு ஓடியது. ஒரு உலுக்கல். தாண்டிவிட்டார்கள்.

கிளிக்.

வார் அவிழ்ந்தது.

நாய்கள் நகர்ந்தன. மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். நடுவில் ஒரு ஆள் வரும் அளவுக்கு வழி. அவற்றின் கண்கள் எதையோ பின்தொடர்ந்து வந்தன. அவள் இருக்கை வரைக்கும் வந்து நின்றன.

அவள் கழுத்தில் மூச்சு பட்டது. சூடே இல்லாத மூச்சு. ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். ஏதாவது கேட்டிருக்கலாம். இறங்கும் வரை, பதினெட்டு நிமிடம், அது மூச்சு மட்டுமே விட்டுக்கொண்டிருந்தது.

ஓடுபாதை ஓரம் ஊரே நின்றிருந்தது. பனிவண்டிகள், வண்ணக் கொடிகள், கையசைக்கும் பிள்ளைகள். விமானம் நிற்பதற்குள் வெர்னா கதவைத் திறந்து, விழாத குறையாகக் குதித்தாள்.

“ரோஸலிக்கா!”

அவளைக் கட்டிக்கொள்ள ஓடி வந்த ரோஸலி பாதியில் நின்றாள். வெர்னாவின் தோளுக்கு மேலாக விமானத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வெர்னாவைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினாள்.

“மெதுவா, மெதுவா. படி வழுக்கும்.” கக்கத்திலிருந்து ஒரு ஜோடி புதுத் தோல் கையுறைகளை எடுத்தாள். “இந்தாங்க, போட்டுக்கோங்க. விரலெல்லாம் எப்படி விறைச்சுக் கிடக்குது பாருங்க.”

கையுறைகள் அவள் கையை விட்டுப் போயின. கீழே விழவில்லை. இடுப்பு உயரத்தில் நின்றன. ஒன்றின் கட்டைவிரல் மெல்ல மடங்கியது.

“அக்கா, அங்க யாருமில்லக்கா. நான் சொல்றேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா...”

“இரு. அவர் பேசிட்டிருக்காருல்ல. முடிக்கட்டும்.”

ரோஸலி தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். இடையிடையே தலையாட்டினாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது. நிமிர்ந்து வெர்னாவைப் பார்த்தாள். பிறகு அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்கினாள்.

பனிவண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஊர் மக்கள் கிட்டே வந்தார்கள். ரோமத் தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டு, குனிந்து, அந்த வெறும் காற்றுக்குக் காது கொடுத்தார்கள். கேட்டு முடித்தவர்கள் நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள்.

பின்னால் நார்மன் விமானக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

வெர்னா ஓர் அடி பின்வாங்கினாள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு கையுறை உயர்ந்து, அவள் கையைப் பிடிக்க நீண்டது.