பத்து நிமிடம் அசையாத கர்சர்

அந்த மழைச் சனிக்கிழமை, பாளையங்கோட்டை மாடி வகுப்பில் இருந்தவர்கள்: கம்ப்யூட்டரில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கும் இன்பமணி மேடம். எட்டு மாதமாக அவரிடம் படிக்கும் உவரிப் பெண் ரீபா. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி, தொப்பலாக நனைந்து, பிந்தி வந்து சேர்ந்த ஷிபின்; அவரிடம் வேறு நாட்களில் படிப்பவன். வேறு யாரும் இல்லை. வேலையும் ஒன்றுதான் இருந்தது.

ஷிபின் வந்ததும் செய்த முதல் காரியம், ரீபாவின் நாற்காலியில் உட்கார்ந்தது. அவன் தலையிலிருந்து சொட்டிய நீர் அவள் கீபோர்டில் விழுந்தது.

"குளத்துல விழுந்து எந்திச்சு வாறீங்களோ?"

"ஆத்துலங்க. தாமிரபரணி ரோட்டுக்கே வந்துட்டு."

நிமிர்ந்து பார்த்தான். இமையில் ஒரு துளி விழாமல் நின்றது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே கோபப்பட முடியவில்லை... அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்திருங்க என்றாள். எழுந்தான். நாற்காலியும் நனைந்திருந்தது.

மேடத்தின் பரீட்சை எப்போதும் ஒரே மாதிரிதான். ஒருவர் இயந்திரத்தை மற்றவர் கெடுக்க வேண்டும். பிறகு அவரவர் இடத்துக்குத் திரும்பி, கெட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மவுஸ் கிடையாது, படங்கள் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டளை. முதலில் சரிசெய்பவருக்கு வேலை.

வேலை இதுதான். உவரியில் மீனவர் சங்கத்தின் அறையில் ஒரு சர்வர் ஓடுகிறது. காற்று பலமாகும் நாட்களில், வள்ளங்கள் கடலில் இறங்குவதற்கு முன்னால் அது எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும். அதை இங்கிருந்தே பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். படிக்கிற பிள்ளையாக ரீபாதான் இதுவரை பார்த்துவந்தாள். அவள் அப்பா தானியேலின் வள்ளமும் அந்தக் கரையில்தான் நின்றது.

"தோத்தா அழக்கூடாது, என்ன?" என்றாள் ரீபா.

"நீங்க ஜெயிச்சா டீ வாங்கித் தாங்க... குளிருது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஜெனரேட்டர் விஷயமாக மேடம் கீழே இறங்கிப் போனதும் இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அவள் அவனுடைய இயந்திரத்தைக் கெடுத்தாள், இரக்கம் பார்க்காமல். ஒரு முறை தலை தூக்கியபோது அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிபட்டவன் போலத் திரைக்குத் திரும்பினான்.

மீண்டும் தன் இடத்துக்கு வந்தவள் பயிற்சி விண்டோவில் ஒரு கட்டளை தட்டினாள். பதில் வந்தது. இன்னொன்று. அதற்கும் வந்தது. எதுவுமே கெடவில்லை. என்ன விளையாட்டு இது என்று நினைத்தபோதுதான் பக்கத்து விண்டோ கண்ணில் பட்டது.

அதில் கர்சர் அசையவில்லை.

அது உவரி சர்வர். சாயங்காலம் போக வேண்டிய காற்று எச்சரிக்கையை மதியமே ஏற்றிவிட்டு, மூடாமல் விட்டிருந்தாள். இரண்டு விண்டோவும் ஒரே கறுப்பு, ஒரே எழுத்து. எந்த இயந்திரத்தில் நிற்கிறோம் என்று கேட்க ஹோஸ்ட்நேம் என்று ஒரு கட்டளை உண்டு. அதை அடிக்காமல் வேறு எதையும் அடிக்காதே என்று முதல் நாளே மேடம் சொல்லுவார். அவன் அடிக்கவில்லை.

"இதுல என்ன செஞ்சீங்க?"

ஷிபின் எட்டிப் பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றியது. ஃபயர்வாலை அடைத்தேன் என்றான். உள்ளே வர வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. மெசேஜ் உட்பட.

ரீபா சங்கச் செயலாளருக்குப் போன் போட்டாள். அறைச் சாவியோடு அவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வள்ளக்காரர்களின் எண்களெல்லாம் அந்தச் சர்வருக்குள்தான். அப்பாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வலை ஏற்றும் நேரத்தில் தானியேல் போனை எடுக்கிற ஆள் இல்லை. எச்சரிக்கை மெசேஜுக்கு மட்டும் தனிச் சத்தம் வைத்திருந்தார். அது கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கேட்கவில்லை என்றால் கடல் நல்லாயிருக்கிறது என்று இறங்கிவிடுவார்.

மழை ஜன்னலை அறைந்தது. இங்கிருந்து உவரிக்கு இந்த மழையில் போய்ச் சேர்வதற்குள் வள்ளங்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும்.

"எங்க அப்பா அங்கன நிக்காரு" என்றாள். குரல் அவளுடையது போல இல்லை.

ஷிபின் தன் போனை எடுத்து மணி பார்த்தான். பிறகு சொன்னான்.

"டைமர் வச்சிருக்கேன்."

"என்னது?"

"அடைக்கதுக்கு முன்னால பழைய நிலைய எடுத்து வச்சு, பத்து நிமிசத்துல தானா திரும்புத மாதிரி போட்டிருக்கேன்."

தூரத்து ஃபயர்வாலில் கை வைக்கிறவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொள்கிற கயிறு அது. பரீட்சைக்குக் கெடுக்கிறவன் எதற்குக் கட்ட வேண்டும்? ரீபாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் முகம் சுட்டது.

"அப்போ நான் சரிபண்ணாட்டாலும் அதுவே சரியாவும். நான் ஜெயிக்கட்டும்னு பாவம் பாத்தீங்க."

"பாவம் பாக்கல."

"பிச்ச போட்டீங்க. எட்டு மாசம் படிச்சிருக்கேன் நான்."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த டைமரை ஓட்டுகிற புரோகிராமைப் போன வாரம் ஏதோ வேலைக்காக அவளே உவரியில் நிறுத்தியிருந்தாள். திரும்ப ஓடவிட்டாளா? விட்டிருப்பாள். விட்டாளா... நினைவில்லை. அதை அவனிடம் சொன்னாள். அவன் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தான். தரையெல்லாம் நீர்.

செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து, அசையாத ஒரு சின்ன வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார்கள். அவன் தோளிலிருந்து மழை வாசம் வந்தது. இந்த நேரத்தில் அதை எதற்குக் கவனிக்கிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கரன்ட் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. இருட்டில் அந்தத் திரை மட்டும். அவள் கை மேசையில் இருந்தது. அவன் கை பக்கத்தில் வந்தது... தொடாமல் நின்றது.

கர்சர் துடித்தது.

ரீபா ஹோஸ்ட்நேம் அடித்தாள். உவரி என்று பதில் வந்தது. எச்சரிக்கையை நேரத்துக்குக் காத்திருக்காமல் கையாலேயே அனுப்பினாள். மெசேஜ் பைய ஒவ்வொரு எண்ணாக நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது.

"என்ன மக்கா, கூப்பிட்டியோ? காத்துன்னு மெசேஜ் வந்திருக்கு. நாங்க யாரும் இறங்கல."

ஒண்ணுமில்லப்பா என்று வைத்தாள். அப்போதுதான் கண் நிறைந்தது. தோற்றால்தான் அழக்கூடாது, இதற்கு அழலாம் என்று ஷிபின் சொன்னான். கன்னத்தில் நீர் ஓட முறைத்தாள்.

மேடம் மேலே வந்ததும் ரீபாதான் முந்தினாள். உவரி விண்டோவை மூடாமல் விட்டது நான்தான் என்றாள். பார்க்காமல் அடித்தது நான்தான் என்றான் அவன். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, அது உனக்குக் கடைசித் தப்பா இருக்கட்டும். ஏலே, உனக்கும்தான். இன்னைக்கு யாருக்கும் வேல கிடையாது. திங்கக்கிழம வந்து திரும்பவும் கெடுத்துப் பாருங்க. இப்பம் வெளிய போங்க, பூட்டணும்."

ரீபா முதலில் மாடிப்படிக்கு வந்தாள். ஷிபின் வாசலிலேயே தயங்கினான்.

"திங்கக்கிழம டைமர் வைக்கக் கூடாது" என்றாள்.

"வைக்கமாட்டேன்."

"இன்னைக்கு ஏன் வச்சீங்க? திருப்பி எடுக்க முடியாத மாதிரி சொல்லுங்க."

மழை கூரையில் இரைந்தது. அவன் கண்ணை விலக்கவில்லை.

"நீங்க தோத்தா இங்க திரும்பி வரமாட்டீங்கன்னு தோணிச்சு. எனக்கு உங்கள மறுபடி பாக்கணும். பிடிச்சிருக்கு."

ரீபா குடையை விரித்தாள். ஒரு ஓரத்தை அவன் பக்கம் சாய்த்தாள்.

"எனக்கும்தான். ஆனா திங்கக்கிழம உங்கள ஜெயிக்க விடமாட்டேன்."

ஷிபின் வாசலைத் தாண்டி வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மேடம் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.