செருப்பு சொன்ன கணக்கு

ஓர் ஆளின் உயிருக்கு என்ன விலை? அந்தத் தீயணைப்பு நிலையத்தில் ஒரே விலைதான்: ஒரு பித்தளைத் தகடு. பேரம் கிடையாது. தள்ளுபடி கிடையாது. "நாளைக்குத் தர்றேன்" என்ற பேச்சும் கிடையாது.

பத்து வயதுக் கேள்விக்குறிக்கு இது முதலில் புரியவில்லை. அன்று காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்விக்குறி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவளுடைய அம்மா தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர். அன்று பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து வகுப்பறையெல்லாம் குளமாகிவிட்டது. விடுமுறை விட்டுவிட்டார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா அவளை நிலையத்துக்கே கூட்டி வந்தாள். வந்த கொஞ்ச நேரத்தில் அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்து, அங்கே இருந்தவர்கள் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

கேட்காமல் எப்படி இருப்பது? பளபளவென்று மின்னிய வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு அதைக் கிளப்பி, உறுமவிட்டு, எங்கேயும் போகாமல் அணைத்தார்கள். சைரன் ஒலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள். ஒலித்ததும் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுருட்டி வைத்திருந்த நீளமான குழாய்களை முற்றத்தில் பிரித்துப் போட்டு, மறுபடியும் சுருட்டினார்கள்.

குழாய்களுக்குப் பொறுப்பு சுருள் அக்கா. அவளுடைய தலைமுடியும் சுருள்தான். பெயர் முடியால் வந்ததா, குழாயால் வந்ததா என்பதும் கேள்விக்குறிக்குப் புரியவில்லை.

"சுருட்டினதை எதுக்கு அக்கா பிரிச்சீங்க?"

"நல்லா இருக்கா, கிழிசல் ஏதாவது இருக்கான்னு பார்க்க."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மறுபடி சுருட்டுறீங்க?"

சுருள் அக்கா கொஞ்சம் யோசித்தாள். "பிரிச்சுட்டேனே!" என்றாள்.

தகட்டின் கதையைச் சொன்னவர் ஏணி மாமா. பெயரைக் கேட்டாலே ஆள் எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். பல்பு மாற்ற அவருக்கு ஸ்டூல் வேண்டாம்.

நிலையத்தின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. பயிற்சிக்காக அதில் இயந்திரத்தால் புகை நிரப்புவார்கள். வாசலில் ஒரு பலகை. பலகையில் கொக்கிகள்.

"உள்ள போறவங்க எல்லாரும் அவங்க தகட்டை இங்க மாட்டணும். வெளிய வந்ததும் எடுத்துக்கணும். தகடு தொங்குதுன்னா ஆள் உள்ள இருக்கார்னு அர்த்தம்" என்றார் ஏணி மாமா.

"அடகுக் கடை மாதிரியா?"

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான்! எங்களையே அடகு வச்சுட்டு உள்ள போறோம். வந்து மீட்டுக்குறோம். பலகை காலியா இருந்தா கணக்கு முடிஞ்சுது."

"வட்டி?"

"இதோ" என்று நெற்றி வியர்வையை வழித்து உதறினார் மாமா.

அவர் முதுகில் காற்று சிலிண்டர் இருந்தது. அதில் அரை மணி நேரத்துக்குக் காற்று வருமாம். தீரப் போகிறது என்றால் விசில் அடிக்குமாம்.

கேள்விக்குறி புகைக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று நிலைய அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் முன்பக்கத்தில் வண்டிகள் நிற்கும் கொட்டகையில், பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா தரையில் இருந்த மஞ்சள் கோட்டைக் காட்டினாள்.

"மணி அடிச்சா இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது. கத்தக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள் கேள்விக்குறி. அன்று அவளுக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கோட்டின் ஓரமாகத்தான் எல்லாரும் பூட்ஸ் வைப்பார்கள். பூட்ஸ் போடும்போது செருப்பை அதே இடத்தில் கழற்றிவிடுவார்கள். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஓர் அண்ணனும் இருந்தான். எல்லாரும் அவனைப் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் பயந்தவன். பயிற்சிக்குப் போகும் முன் அவன் தன் நீலப் பட்டைச் செருப்பைக் கழற்றி, இரண்டு நுனியும் ஒன்றை ஒன்று மிஞ்சாதபடி சரிசெய்து வைத்தான். பள்ளிக்கூட வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல அவை நின்றன.

ஏணி மாமா, சுருள் அக்கா, புதுசு மூன்று பேரும் புகை அறைக்குள் போனார்கள். அதிகாரி பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடிக்கவே, அலுவலக அறைக்கு ஓடினார்.

முதலில் சுருள் அக்கா கொட்டகைக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள், செருப்பை மாட்டினாள், தேநீர் குடிக்கப் போனாள். அடுத்து ஏணி மாமா வந்தார். அவரும் அப்படியே.

புதுசு வரவில்லை.

"மாமா, புதுசு அண்ணன் எங்க?"

"என் பின்னாடியே வந்தானே! அவன் தகட்டையும் நான்தான் எடுத்துட்டு வந்தேன். முகம் கழுவப் போயிருப்பான்."

சுருள் அக்காவைக் கேட்டாள். "சிலிண்டருக்குக் காத்து நிரப்பப் போயிருப்பான்" என்றாள் அக்கா.

அம்மாவைக் கேட்டாள். "அதிகாரி எங்கயாவது அனுப்பியிருப்பார்."

அதிகாரியையே கேட்டாள். "பலகை காலியா இருக்கு பார்த்துட்டேன். எல்லாரும் வந்தாச்சு" என்றார் அவர்.

நாலு பேர், நாலு பதில். யாருக்கும் சந்தேகமே இல்லை. கேள்விக்குறிக்குத்தான் தலை சுற்றியது. ஒரே ஆள் எப்படி முகமும் கழுவி, காற்றும் நிரப்பி, வெளியேயும் போக முடியும்? அதுவும் அந்தக் கனமான பூட்ஸோடு?

குழாயடிக்குப் போய்ப் பார்த்தாள். தரை உலர்ந்து கிடந்தது. சிலிண்டர் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. அவள் கொட்டகைக்குத் திரும்பி வாயைத் திறக்கவும், மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

"தையல்கடை! புகை வருதாம்!" என்று கத்தினார் அதிகாரி.

அடுத்து நடந்ததைக் கண்ணால் பின்தொடரவே முடியவில்லை. செருப்புகள் பறந்தன. கால்கள் பூட்ஸுக்குள் குதித்தன. அம்மாவும் அதிகாரியும் பெரிய வண்டியில் ஏறினார்கள். ஏணி மாமாவும் சுருள் அக்காவும் தண்ணீர் லாரிக்கு ஓடினார்கள்.

அதிகாரி கோட்டோரம் ஒரு பார்வை பார்த்தார். "புதுசோட பூட்ஸ் இல்லை. பையன் முன்னாடியே லாரியில ஏறிட்டான், சுறுசுறுப்புதான்!"

லாரியில் ஏறும்போது ஏணி மாமாவும் அதே இடத்தைப் பார்த்தார். "புதுசு பெரிய வண்டியில ஏறிட்டான் போல. கெட்டிக்காரன்!"

இரண்டும் கேள்விக்குறியின் காதில் விழுந்தன. ஓர் ஆள் எப்படி இரண்டு வண்டியில் ஏற முடியும்? என்ன நடக்கிறது இங்கே?

அவள் தரையைப் பார்த்தாள். மாமாவின் செருப்பு ஒன்று மல்லாந்து கிடந்தது. அக்காவின் செருப்பு அதன் மேல் சவாரி செய்தது. அம்மாவினுடையதில் ஒன்று பெஞ்சுக்கு அடியில். அதிகாரியினுடையது ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஒரே ஒரு ஜோடி மட்டும் நேராக நின்றது. நீலப் பட்டை. இரண்டு நுனியும் ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை.

புதுசு வெளியே வந்து இதைப் போட்டிருந்தால், மணி அடித்ததும் உதறிவிட்டுத்தானே ஓடியிருப்பான்? இது காலையில் வைத்தது வைத்தபடியே நிற்கிறதே! அப்படியென்றால்...



ஒருவேளை தப்பாக இருந்தால்? அங்கே ஒரு கடை எரிகிறது. வண்டியை நிறுத்தினால் அம்மா திட்டுவாள். அதிகாரி இனிமேல் உள்ளேயே விட மாட்டார். ஆனால் சரியாக இருந்தால்?

பெரிய வண்டி நகர ஆரம்பித்தது. சைரன் அலறியது. கத்தினாலும் கேட்காது; கத்தவும் கூடாது. அவள் செருப்பு இரண்டையும் கையில் எடுத்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், சுவரோரமாகவே வாசல்வரை ஓடினாள். அம்மாவின் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரியும்படி நின்று, இரண்டு செருப்பையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஜன்னல் வழியாக அம்மாவின் தலை வெளியே வந்தது.

"என்னடி! பெத்த அம்மாவுக்கே செருப்பைக் காட்டுறியா?"

"புதுசு அண்ணன் செருப்பும்மா! எல்லார் செருப்பும் கன்னாபின்னான்னு கெடக்கு. இது மட்டும் அவர் வச்ச மாதிரியே இருந்துச்சு. அவர் வெளியவே வரலம்மா!" ஓடிப்போய் ஒரு செருப்பை ஜன்னல் வழியாக அம்மாவின் கையிலேயே திணித்தாள்.

அம்மா செருப்பைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி வாக்கிடாக்கியை எடுத்தார்.

"லாரி! புதுசு உங்ககூடத்தானே இருக்கான்?"

"உங்ககூடத்தானே சார் இருக்கான்?"

அதிகாரி அம்மாவின் கையிலிருந்த செருப்பை மறுபடியும் பார்த்தார். 

"லாரி நிக்கட்டும்! ரெண்டு பேரும் புகை அறைக்கு ஓடுங்க! டிரைவரம்மா, நாம போவோம். அங்க தீ நமக்காகக் காத்திருக்காது."

பெரிய வண்டி செருப்போடு பறந்தது.

மாமாவும் அக்காவும் முகமூடியை மாட்டிக்கொண்டே ஓடினார்கள். அந்த அவசரத்திலும் பலகையில் இரண்டு தகடுகளைத் தொங்கவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது.

விசில்.

கேள்விக்குறி தள்ளி நின்று, மீதி இருந்த ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. விசில் மட்டும் நிற்காமல் கேட்டது. நின்றுவிட்டால் நல்லதா, கெட்டதா? அதுவும் தெரியவில்லை.

பிறகு புகைக்குள் ஓர் உயரமான உருவம் தெரிந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னோர் உருவம். பின்னால் சுருள் அக்கா.

புதுசு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, கிணற்றிலிருந்து வந்தவனைப் போல மூச்சை இழுத்தான். முதல் வார்த்தை இதுதான்:

"அம்மாடி, எவ்வளவு பெரிய அறை மாமா இது! சுவர் முடியவே மாட்டேங்குது!"

"முடியலையா?"

"வழி தெரியலைன்னா வலது கையைச் சுவர்ல இருந்து எடுக்காம நட, கதவு வந்துரும்னு சொன்னீங்கல்ல? நான் எடுக்கவே இல்லை. நடந்துட்டே இருந்தேன். மூலை மேல மூலையா வந்துச்சு. கதவு மட்டும் வரலை."

சுருள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது சுவர் இல்லடா! நடுவுல இருக்கிற தூண்!"

புதுசு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

சிரிக்க ஆரம்பித்த ஏணி மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார். தரையில் உட்கார்ந்தார்.  பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார்.

"நீ பிடிச்சுட்டு வர்றதுக்காக என் இடுப்புல கட்டியிருந்த கயித்தை யாரோ இழுத்த மாதிரி இருந்துச்சு. நீதான் பிடிச்சுட்டு வர்றேன்னு நினைச்சேன். கயிறு எங்கயோ மாட்டியிருக்கு. உனக்கு வேலை மிச்சம்னு உன் தகட்டையும் எடுத்துட்டேன்." தகட்டைப் புதுசின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இனிமே இதை நீதான் எடுக்கணும். நான் கை வச்சா, அந்தக் கையிலயே ஒண்ணு போடு."

"நான் எப்படி மாமா உங்களை...?"

"எட்டலைன்னா ஏணி வச்சுக்கோ" என்றாள் சுருள் அக்கா.

கேள்விக்குறி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். புதுசு மடமடவென்று குடித்தான்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நீங்க செருப்பை அழகா வைப்பீங்க. ஆனா மணி அடிச்சா நீங்ககூட அழகா வச்சிருக்க முடியாதுல்ல?"

சற்று நேரத்தில் பெரிய வண்டி திரும்பியது. தையல்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஒரு கால்சட்டையின் மேலே வைத்துவிட்டு மறந்துபோனாராம். கால்சட்டைக்கு ஒரு கால் போய்விட்டது. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா இறங்கினாள். புதுசை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு மகளை முறைத்துக்கொண்டே நடந்து வந்தாள். கோபமா, சந்தோஷமா? கேள்விக்குறிக்குப் புரியவில்லை. புரிவதற்குள் அம்மாவின் ஈரச் சீருடைக்குள் அவள் முகம் புதைந்துவிட்டது. மூச்சு முட்டியது. அதற்கும் ஒரு தகடு மாட்டியிருக்கலாம்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "கேள்விக்குறி, வேற ஏதாவது கேள்வி இருக்கா?"

எல்லாரும் செய்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேறு படிந்து நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"காலையில கழுவினீங்களே, இப்ப மறுபடி கழுவணுமா?"

நாலு பேர் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். புதுசு மட்டும் வாளியை எடுக்க எழுந்தான். எழுந்தவன், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கேள்விக்குறி நீட்டிய ஒற்றைச் செருப்பை மாட்டியபடி கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் இன்னொரு செருப்பு?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மடியிலதான்பா வச்சிருந்தேன். அங்க இறங்கின வேகத்துல கீழ விழுந்துருச்சு. குழாய்த் தண்ணி அதைச் சாக்கடைக்குக் கொண்டு போயிருச்சு."

வழக்கம்போல வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டே அதிகாரி குரல் கொடுத்து எண்ணினார். தலைக்கவசம், ஐந்து. முகமூடி, ஐந்து. தகடு, ஐந்து. ஆள், ஐந்து; இந்த முறை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து எண்ணினார். செருப்பு, ஒன்பது.

ஆக அன்றைய கணக்கு: வரவு, முழு ஆள் ஒருவர். செலவு, இடது கால் செருப்பு ஒன்று. இருப்பு, வலது கால் செருப்பு ஒன்று; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மட்டும் யாருக்கும் புரியவில்லை.